வெற்றிலை போட்ட ஆட்காட்டி

போன சனிக்கிழமை வெங்காயமும் தயிரும் வாங்கலாமென்று வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சுப்பர்மார்க்கட்டுக்குப் போனேன். கார்கள் நிற்கும் இடத்தைக் கடக்கும்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். க்ளீப், க்ளீப், க்ளீப். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கடையின் தட்டைக் கூரை விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, நீட்டிய சிவப்புச் சொண்டோடு, என்னைத் திட்டிக்கொண்டு நின்றது. நான் அந்த இடத்திலேயே துள்ளிக் குதித்தேன். எதிரே வந்த ஒரு கிழவர் தள்ளுவண்டியை அவசரமாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். நாற்பது வயதுப் பொம்பிளை காரணமில்லாமல் துள்ளினால் யாருக்கும் பயம் வரும்தானே.

இது ஹனோவர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏறி, இறங்கி, மாறிப் போகவேண்டும். அந்தப் பறவையோ கடலோரத்தில் சிப்பி உடைத்துத் தின்று வாழ்கிற இனம். ஜெர்மன்காரர் அதற்கு வைத்த பெயருக்கே சிப்பி பிடிப்பான் என்றுதான் அர்த்தம். இப்போதெல்லாம் அது உள்நாட்டுக்கு வந்து, சரளைக்கல் பரப்பிய கூரைகளில் முட்டையிடுகிறது என்று வாசித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வேறு. வெற்றிலை போட்ட ஆட்காட்டி. ஆள் அசைந்தால் போதும், ஊரைக் கூட்டிக் கத்தும் ஆட்காட்டிக் குருவியின் குணம். சொண்டு மட்டும் வெற்றிலை போட்டதுபோலச் சிவப்பு. பெயர் வைத்தது அம்மா. அந்தப் பெயர் வந்த கதையை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

யூரோக் காசு வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். நாங்கள் அப்போது ஹம் நகரத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் முடித்தவர்கள் ஒரு வருடம் இயற்கைப் பாதுகாப்பு வேலைக்குத் தொண்டராகப் போகலாம், தங்க இடமும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் தருவார்கள் என்று ஒரு அறிவித்தல் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் ஒரு கடல்நாயின் படம். ஈரக் கண்ணும் மீசையுமாக அது என்னை மட்டும் பார்த்தது. சத்தியமாக அந்த முகத்துக்காகத்தான் விண்ணப்பம் போட்டேன். வீட்டில் சொன்னது என்னவோ, வடக்கே ஒரு பயிற்சி என்று. அம்மா அதைக் கோவிலில் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் மெருகேற்றி, மகள் ஹம்புர்க்கில் படிக்கிறாள் என்று ஆக்கிவிட்டார். அப்பா தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் வேலை செய்கிற மனிதர், வீட்டில் பேசிச் சக்தியைச் செலவழிப்பதில்லை.

நான் போன இடம் ஹம்புர்க்கும் இல்லை, படிப்பும் இல்லை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கடலுக்குள் பத்துச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஹாலிக் என்பார்கள். அதில் ஒன்றுதான் என் இடம். ஒரு அணைக்கட்டோ, ஒரு குன்றோ கிடையாது. தட்டையான புல்வெளி, அதைச் சுற்றிக் கடல். புயல்காலத்தில் கடல் வந்து புல்லையெல்லாம் மூடிவிடும். அதனால் பழைய காலத்து ஆட்கள் மண்ணைக் குவித்து மேடு கட்டி, மேட்டுக்கு மேல் வீட்டைக் கட்டினார்கள். தண்ணீர் ஏறிய நாளில் மேடுகள் மட்டும்தான் தெரியும்.

ஐயோ, அந்த முதல் நாள்! கப்பலால் இறங்கியதும் மூக்கில் ஏறிய சேற்று வாசம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் மினுங்கும் சேறு. அதில் கோடிக்கணக்கான புழுக்கள் சுருள் சுருளாக மண்ணைத் துப்பி வைத்திருக்கும். முழங்கால் வரை காற்சட்டையை மடித்துக்கொண்டு நான் அதில் இறங்கி, ஐந்தாவது அடியில் புதைந்து, சப்பாத்தைச் சேற்றுக்கே தானம் கொடுத்துவிட்டு வந்தேன். ஏப்ரலில் வாத்துகள் வந்தன. கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளை வளையம். சைபீரியாவுக்குப் போகும் வழியில் எங்கள் புல்லைத் தின்று கொழுக்க வந்த கூட்டம். ஒரே நேரத்தில் எழும்பினால் வீட்டு யன்னல் அதிரும். அவற்றை எண்ணுவதுதான் என் வேலை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு கழுகு பறந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிடும், நான் திரும்ப ஒன்று இரண்டு என்று தொடங்குவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகக் கணக்குப் பிழைத்தது வேறு எப்போதும் இல்லை. மே மாதம் ஆலா என்கிற வெள்ளைக் கடற்பறவைகள் வந்து மண்ணில் முட்டையிட்டன. தொப்பி போடாமல் போனால் தலையில் கொத்தும். தொப்பி போட்டாலும் கொத்தும்.

நான் தங்கியிருந்தது அன்ட்யா என்ற அறுபது வயதுப் பெண்மணியின் வீட்டில். மாடும் ஆடும் வைத்திருந்தார். மேட்டின் நடுவில் ஒரு குளம். மழைத்தண்ணீர் மட்டும் சேர்கிற குளம். சுற்றிவர உப்புக்கடல் இருக்கிற இடத்தில் மிருகங்களுக்குக் குடிக்க அது ஒன்றுதான். அன்ட்யா தினமும் காலையில் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பி குடிப்பார். வேலையில் எனக்குப் பொறுப்பாக இருந்தவர் ஊவ என்ற தாடிக்காரர். பக்கத்து மேட்டிலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அது அவருக்குத் திருவிழா.

இப்படி இருக்கும்போது ஒரு பத்திரிகைக்காரர் வந்து என்னைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அது எப்படியோ ஹம்மிலும் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. கோவிலில் ஒரு அக்கா அதை வெட்டி எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, மகள் தீவிலையோ நிக்கிறா என்று கேட்டிருக்கிறார். அன்று பின்னேரம் அன்ட்யாவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா.

"நான் தீவை விட்டு ஓடி வந்தது, நீ தீவுக்குப் போகவோ?"

அம்மா யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவு ஒன்றில் பிறந்தவர். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் அவரைத் "தீவார்" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அதை அவர் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அதைவிடப் பெரிய கோபம் தண்ணீர் மேல். அவர் வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் குடத்தோடு நடக்கவேண்டும். உப்பில்லாத தண்ணீருக்கு நாங்கள் நல்ல தண்ணி என்றுதான் சொல்லுவோம். நல்ல தண்ணி இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அங்கே பிறந்தவளோ அந்த ஊரைவிட்டுப் போகும் நாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தப் புது வீட்டுக்குள் காலடி வைத்தாலும் அம்மாவின் முதல் கேள்வி அதுதான்: இஞ்ச நல்ல தண்ணியோ?

தொலைபேசியில் அம்மா சொன்ன மற்ற விஷயம் இன்னும் மோசம். வங்கி ஒன்றில் எனக்கு ஒரு அவுஸ்பில்டுங் பார்த்துவிட்டாராம், அதுதான் வேலையோடு கூடிய படிப்பு. திங்கட்கிழமை காலை நேர்முகத்துக்கு டெர்மினாம். வெள்ளிக்கிழமை தானே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாராம். எனக்கு இன்னும் மூன்று மாதம் மிச்சம். ஆலாக்கள் பொரிக்கவில்லை, கடல்நாய் குட்டி போடவில்லை, ஊதாப் பூ பூக்கவில்லை. நான் குளத்தடியில் போயிருந்து அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாடுகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

வெள்ளிக்கிழமை அம்மா கப்பலால் இறங்கினார். ஒரு கையில் எனக்கென்று கொண்டுவந்த வெறும் சூட்கேஸ், மறு கையில் ஐஸ்கிறீம் பெட்டி நிறையப் பருத்தித்துறை வடை. மேட்டுக்கு ஏறியதும், அன்ட்யா கை கொடுக்கக் கை நீட்டும் முன்பே, கேள்வி வந்துவிட்டது. நானும் யோசிக்காமல், இங்கே தண்ணீர் நல்லதா என்று அம்மா கேட்கிறார் என ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அன்ட்யாவின் முகம் சிவந்தது. அம்மாவைக் கையில் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய், குழாயைத் திறந்து, ஒரு கிளாஸ் நிரப்பி, எங்கள் முன்னால் தானே மடமடவென்று குடித்துக் காட்டினார். பெருநிலத்திலிருந்து கடலுக்கடியால் குழாயில் வருகிற தண்ணீர், இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை என்றார்.

அம்மா குழாயை மேலும் கீழும் பார்த்தார். "இது வெளியால இருந்து வாற தண்ணி. இந்த மண்ணில என்ன தண்ணி எண்டு கேள்."

அப்போதுதான் என் மொட்டை மூளைக்கு உறைத்தது. ஜெர்மனில் உப்பில்லாத தண்ணீருக்கு இனிப்புத் தண்ணீர் என்று பெயர். நாங்கள் நல்லது என்பதை அவர்கள் இனிப்பு என்கிறார்கள். அதை விளங்கப்படுத்தியதும் அன்ட்யா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவிடம் இதைச் சொன்னால், சீனி போட்டதோ என்று கேட்கிறார். இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன்.

அன்ட்யா அம்மாவைக் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரும்புயலில் கடல் மேட்டுக்கு மேலே ஏறிக் குளத்துக்குள் விழுந்தால் தண்ணீர் முழுக்க உப்பாகிவிடும், சுற்றிவரத் தண்ணீர் நிற்க மாடுகள் தாகத்தில் கதறும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இரவைக்கே சாமான்களை அடுக்கி வை என்றார்.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு நான் வடக்குக் கரைக்குக் கணக்கெடுக்கப் போய்விட்டேன். கடைசிக் கணக்கு என்பதால் ஒவ்வொரு கூட்டத்தையும் இரண்டு தரம் எண்ணினேன். அமாவாசைக்கு அடுத்த நாள், மேற்குக் காற்று வேறு. பத்து மணிக்கே கடல் வழக்கத்தைவிட வேகமாக ஏறத் தொடங்கியது. பதினொரு மணிக்கு ஓடி வீட்டுக்கு வந்தால் குசினியில் வெங்காய வாசம். வெங்காயமும் பச்சை மிளகாயும் வடிவாக வெட்டி வைத்திருக்கிறது. அடுப்பில் எண்ணெய் சூடாகிறது. அம்மாவின் கையில், மண்ணிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு முட்டை. வடை வந்த ஐஸ்கிறீம் பெட்டிக்குள், கடதாசி சுற்றி, இன்னும் இரண்டு.

நான் போட்ட சத்தத்தில் மாட்டுக்கொட்டிலிலிருந்து அன்ட்யா ஓடி வந்தார்.

அம்மா காலையில் உலாவப் போயிருக்கிறார். தெற்குப் பக்கத்துச் சிப்பித் திட்டில், கூடுமில்லை ஒன்றுமில்லை, மூன்று முட்டை வெறும் மண்ணில் கிடந்திருக்கிறது. அங்கேதான் எங்கள் அறிவித்தல் பலகை நிற்கிறது. உள்ளே போகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று சொல்லும் பச்சை முக்கோணம், அதில் இறக்கை விரித்த கழுகு ஒன்று. ஜெர்மனியில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அம்மாவுக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது.

"பிராந்து வரும், கவனம் எண்டு பலகை போட்டுக் கிடக்கு. அது தூக்கிக்கொண்டு போக முதல் உனக்கு ஒரு பொரியல் செய்வம் எண்டு எடுத்தனான். எலும்பும் தோலுமா நிக்கிறாய்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது கோழி முட்டை இல்லை, சிப்பி பிடிப்பானின் முட்டை, அதை எடுத்தால் தண்டம் கட்டவேண்டும், ஊவ வந்து என் முகத்தில் முழிக்கமாட்டார், என்னை இந்தத் தீவிலிருந்து கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தீர்கள், போகும்போது என் பெயரையும் கெடுத்துவிட்டா போகவேண்டும் என்று என்னென்னவோ கத்தினேன். அம்மா அடுப்பை நிறுத்தினார். கையிலிருந்த முட்டையைப் பெட்டிக்குள் மெல்ல வைத்தார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பக்கம் ஓடினேன். பாதி தூரம்தான் போக முடிந்தது. சிப்பித் திட்டு அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் நுரையோடு கடல் ஓடிக்கொண்டிருந்தது. பலகையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மேலே நூற்றுக்கணக்கான ஆலாக்கள் கத்திக் கத்திச் சுற்றின. அவற்றின் முட்டைகள் எல்லாம் அந்தத் தண்ணீருக்குள். அந்தக் கரையில் மிஞ்சியது என் கையிலிருந்த மூன்றும்தான்.

நான் திரும்பி வந்து சொன்னதும் அம்மா பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். கதிரையில் இருந்தார். மூன்று முட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கம்பளிச் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அணைத்தபடி அசையாமல் இருந்துவிட்டார். அன்ட்யா ஓடிப்போய் ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்தினார்.

ஊவ வந்தபோது காட்சி இதுதான். உங்கள் அம்மாவுக்கு வயிற்று வலியா என்று கேட்டார். நான் ஒன்றுவிடாமல் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்ல எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. அவருடைய முகம் தாடிக்கு மேலே சிவந்து, பிறகு வெளுத்தது. அம்மாவைப் பார்த்தார், யன்னலால் கடலைப் பார்த்தார், திரும்ப அம்மாவைப் பார்த்தார். கடைசியில் ஒரேயொரு வசனம் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கடல் வத்தும் வரைக்கும் நீங்கள் எழும்பக் கூடாதாம்."

அம்மா எழும்பவில்லை. மூன்றரை மணி வரை அந்தக் கதிரையில் அடைகாத்தார். தேத்தண்ணியை நான்தான் வாயில் பருக்கினேன். இடையில் ஒருமுறை தும்மல் வந்து, அதை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கும் அன்ட்யாவுக்கும் சிரிப்புத் தாங்க முடியவில்லை. இவ்வளவு கோபத்துக்குள்ளும் சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ.

கடல் வற்றியதும் நான்கு பேருமாகப் போனோம். அந்தப் பழைய குழி சிப்பியால் மூடிப் போயிருந்தது. ஊவ அதற்கு மிகக் கிட்ட, கொஞ்சம் உயரமான இடத்தில், கைமுட்டியால் ஒரு குழி அழுத்தினார். அம்மா முட்டைகளை அவரிடம் கொடுக்கவில்லை. தானே குனிந்து வைத்தார். நாங்கள் தூரத்துக்குப் போய்ப் புல்லில் படுத்துக்கொண்டோம். ஊவ தூரநோக்கியை நிறுத்தி, அம்மாவைக் கூப்பிட்டு, அதில் கண்ணை வைக்கச் சொன்னார். தனக்கு முன்னால் அவரை விட்டது எனக்கு ஆச்சரியம்.

அரை மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் புல்லே அசைந்திருக்கும். பிறகு கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று நடந்து வந்தது. வந்து, நின்று, வேறு பக்கம் பார்த்து, திரும்பிப் போனது. அம்மா மூச்சே விடவில்லை. திரும்ப வந்தது. குழியைச் சுற்றி நடந்தது. சிவப்புச் சொண்டால் ஒரு முட்டையைத் தட்டித் திருப்பியது.

"வெத்திலை போட்ட ஆட்காட்டி," என்றார் அம்மா மிக மெல்ல. பிறகு, "இருந்திட்டுது. பிள்ளை, இருந்திட்டுது."

ஊவ தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நான் துள்ளினேன். அவர் என் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

திரும்பி வரும்போது அம்மா நேரே குளத்தடிக்குப் போனார். கடல் மேட்டுக்கு ஏறவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா குனிந்து, உள்ளங்கையில் ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தார். மாடு குடிக்கிற தண்ணீர் அம்மா, என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்ல தண்ணிதான்," என்றார். "குஞ்சு பொரிச்சாப் பிறகு வா. அந்த டெர்மினை நான் சொல்லி மாத்திறன்."

குஞ்சு மூன்றும் பொரித்தன. நான் போன் போட்டுச் சொன்னேன். டெர்மின் மாறவே இல்லை, வங்கி வேறு யாரையோ எடுத்துக்கொண்டது, அம்மா அதைப் பற்றி ஒருநாளும் குறைப்படவில்லை. கோவிலில் அந்த அக்கா கேட்டபோது, ஓம், மகள் தீவிலைதான், நானும் போய் நிண்டு வந்தனான், நல்ல தண்ணியுள்ள இடம் என்று சத்தமாகச் சொன்னாராம். நான் பிறகு தண்ணீரைப் பற்றியே படித்து, இன்று இந்த ஹனோவரில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடமொன்றில் வேலை செய்கிறேன்.

அந்தச் சிப்பித் திட்டு இப்போது இல்லை. சில குளிர்காலங்களுக்கு முன் ஒரு புயல் அதை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது என்று ஊவ எழுதியிருந்தார், ஒரே வசனத்தில். கோடை வெள்ளம் அடிக்கடி வருகிறதாம், தரையில் கூடு வைக்கிற பறவைகள் ஒவ்வொரு வருடமும் குறைகின்றனவாம். அன்ட்யா பெருநிலத்துக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வீட்டில் விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். குளத்தைக் காலையில் யார் சுற்றிப் பார்க்கிறார்களோ தெரியாது. அம்மா எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

போன சனிக்கிழமை துள்ளி முடிந்ததும் நான் முதலில் செய்தது கைத்தொலைபேசியை எடுத்ததுதான். அம்மாவின் பெயரை அமத்தப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. கீழே போட்ட வெறும் பையை எடுத்துக்கொண்டேன். அம்மா இருந்திருந்தால் பறவை எப்படி இருக்கிறது, எத்தனை முட்டை என்றெல்லாம் கேட்டிருக்கமாட்டார். முதல் கேள்வி எனக்குத் தெரியும். அந்தக் கூரையில் மழை பெய்தால் ஓடிவிடும், வெயில் அடித்தால் கல் சுடும், குஞ்சு பொரித்தால் எதைக் குடிக்கும்?

உள்ளே போய்க் கடை மேலாளரைத் தேடிப் பிடித்தேன். அவசரத்தில், இத்தனை வருடம் இந்தத் துறையில் வேலை செய்கிறவள், மேலே கூரையில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. எங்கள் கடைத் தண்ணீரில் என்ன குறை என்று கேட்டார். நான் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை நிறுத்த முடியாமல், அந்தத் தயிர் அடுக்குக்கு முன்னால் நின்று அழுதேன்.

கடைசியில் விஷயத்தை விளங்கப்படுத்தி, ஏணி வைத்து, ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் தண்ணீர் நிரப்பி அவரைக்கொண்டே கூரையில் வைப்பித்தேன். வைக்கமுதல் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.